எல்லைக்குள் ஆறு புள்ளிகள்

போர்ட் ஷெப்ஸ்டோன். காலை ஆறரை.
இரவெல்லாம் குடித்த மண்ணை
ஆறு கடலில் கக்கிக்கொண்டிருக்கிறது.
நான் குளிர்பெட்டியைத் திறக்கிறேன்.

யாருடைய ரத்தமோ, எந்த நாட்டில் எடுத்ததோ,
மூடியில் எண் மட்டும்.
இதில் இருக்கவேண்டிய அணுக்கள் நூற்றைம்பது.
விடை தெரிந்த கேள்வியை
இயந்திரத்திடம் கேட்பதுதான் தினமும் முதல் வேலை.
அது பொய் சொல்கிறதா என்று அறிய
வேறு வழியில்லை.

திங்கள் நூற்றைம்பத்தெட்டு.
இன்று, சனி, நூற்றெழுபத்தொன்று.
நூற்றெண்பது வரை மன்னிப்பு உண்டு.
திரையில் பச்சை: தேறியது.

ஆனால் வரைபடத்தில் ஆறு புள்ளிகளும்
நடுக்கோட்டுக்கு மேலேயே ஏறுகின்றன,
முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறும் எறும்புகள் மாதிரி.
எங்கோ மழை இருக்கிறது.

கோகிலன் படையாச்சி எட்டிப் பார்த்தார்.
"எல்லைக்குள்ளதானே இருக்கு, லோஷினி?
நாப்பத்துமூணு குழாய் காத்துக்கிடக்கு. போடு."
எல்லைக்குள்தான்.
விழாதவரை விளிம்பும் கூரைதான்.

அணுக்களோடு மணிகள் கலக்கிறோம்,
எண்ணி வைத்த, கண்ணுக்குத் தெரியாத மணிகள்.
மணி குறைந்தால் அணு கூடும்.
படிக்கல் தேய்ந்தால் சரக்கு கூடுகிற அதே கணக்கு.
புட்டியை வெளிச்சத்தில் பிடித்தேன்.
அடியில் வெள்ளைப் படிவு.

பத்துமுறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.
மின்வெட்டில் குலுக்கும் கருவி செத்ததிலிருந்து
கையால் செய்கிறவள் நான்.
மணிக்கட்டு வீங்கியிருந்தது.
பத்து எட்டானது, எட்டு ஆறானது.
பதிவேட்டில் பத்து என்றே எழுதினேன்.

நேற்றைய குழாய்கள் இன்னும் அடுக்கில்தான் இருந்தன.
பல்லைக் கடித்துப் பத்துமுறை கவிழ்த்தேன்.
4417 என்று முடியும் குழாய்:
நேற்று இருநூற்றுப் பன்னிரண்டு.
இப்போது நூற்றெண்பத்தாறு.
இருநூறுக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குப் போகலாம்.
இந்தப் பக்கம், இன்னொரு மாத்திரை,
மூளைவரை போகும் பூஞ்சைக்கு இன்னொரு சோதனை.

ஹார்டிங் கிளினிக்கில் சிஸ்டர் நோசிபோ எடுத்தார்.
"நல்ல எண் என்று சொல்லி அனுப்பிவிட்டேனே,
கேட்டுச் சிரித்தாளே."
"தப்பு என்னுடையது" என்றேன்.
அந்த முனையில் பேனா தேடும் சத்தம்.
பிறகு, "சொல்லுங்கள், எழுதுகிறேன்."

படையாச்சி ஒன்றும் பேசாமல்
மீதி நாற்பத்திரண்டையும் என் பக்கம் நகர்த்தி
தானும் கையுறை மாட்டிக்கொண்டார்.

பதிவேட்டில் எதையும் சுரண்டி அழிக்கக்கூடாது.
பழைய பத்தின் குறுக்கே ஒற்றைக் கோடு,
அடியில் இருப்பது தெரியும்படி.
பக்கத்தில் ஆறு.
கையெழுத்து. தேதி.
மணி ஏழு ஐம்பது.