திருத்தம் ஏழு

முதலில் நீலம் இருந்தது.
ராஜகாலுவே என்று பெயர், எந்த ராஜா வெட்டியதோ.
மேலேயிருக்கும் ஏரியில் தொடங்கி
சர்வே எண் நாற்பத்தேழின் இடுப்பை வளைத்து
கீழேயிருக்கும் ஏரிக்குப் போகும்.
மூன்று மீட்டர் அகலம்.
மாரிக்குப்பம் ரயிலில் நின்றுகொண்டே வந்து
பெங்களூரின் கிழக்கு ஓரத்தில், இரண்டாம் மாடியில்
நான் அதை வரைந்தேன்.

வடகிழக்கில் ஒரு பள்ளம்.
மழை வந்தால் தங்க, பிறகு மெல்ல வடிய.
முப்பத்தாறு மீட்டருக்குப் பன்னிரண்டு, ஆழம் இரண்டு.
கணக்குப் போட்ட வைதேகி ஹெப்பார்
ஒரு மணி நேர மழைக்கு இவ்வளவு என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.
மூன்றாம் மாதம் வேலையை விட்டுப் போனாள்.
பென்சில் எழுத்து ஸ்கேனில் விழவில்லை.

திருத்தம் ஒன்றில் பள்ளம் பூங்காவானது,
சறுக்குமரம் வைத்தேன்.
மூன்றில் பார்க்கிங்.
ஐந்தில் உமாபதி சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
ஏலக்காய் மென்றபடி சொன்னார்:
ஈசானிய மூலையில் தண்ணீர் இருக்கணும், சரிதான்.
ஒரு சம்ப் போதும்.
முப்பதுக்கு நாற்பதாக நான்கு மனைகள்,
அறுபத்தொன்று முதல் அறுபத்துநான்கு வரை,
பள்ளத்துக்குத் தைத்த சட்டைபோலப் பொருந்தின.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
அளந்துதான் போட்டோம்.

மிச்சம் காலுவே.
அழிக்காதே, அரசாங்கச் சொத்து,
லேயரை ஆஃப் மாடம்மா என்றார்.
அணைத்தேன்.
தமிழில் அந்தச் சொல்லுக்குத் தடுப்பு என்றும் பொருள்,
தழுவு என்றும் பொருள்.
நான் செய்தது மூன்றாவது.

ஜேசிபி வந்தது. இடித்த வீடுகளின் செங்கல் வந்தது.
மூன்று மீட்டர் ராஜா
தொண்ணூறு சென்டிமீட்டர் குழாயில்
குனிந்து நுழைந்தார்.

சாம்பியன் ரீஃபில் என் அப்பா பம்ப் ஆபரேட்டர்.
சுரங்கத்தை மூடிய பிறகு பம்பையும் நிறுத்தினார்கள்.
தண்ணீர் யாரையும் கேட்கவில்லை,
ஒவ்வொரு மட்டமாக ஏறி
உட்கார்ந்துகொண்டது.
இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர், ஞாயிறு இரவு. ஒரு மணி நேரம்தான் பெய்தது.
திங்கள்கிழமை அளவெடுக்க என்னை அனுப்பினார்கள்.
மனை அறுபத்துமூன்றில்
கேஸ் சிலிண்டர் கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது.
அனுபமா தாஸ் மாடிப்படியில் உட்கார்ந்து
பத்திரங்களை ஹேர் டிரையரில் காயவைக்க,
கரண்ட் இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.
சுவரில் கறை ஒரு மீட்டர் பத்து.
குறித்துக்கொண்டேன்.
மாடியில் ஏறிப் பார்த்தேன்:
தெருவில் மூன்று மீட்டர் அகலத்துக்கு ஒரு ஓட்டம்,
நாற்பத்தேழின் இடுப்பை வளைத்து.
நான்கு வீடுகளுக்கு நடுவே
முப்பத்தாறுக்குப் பன்னிரண்டு.
ஒரு கோடும் பிசகவில்லை.
என்னைவிடச் சுத்தமான கை.

நீர்மேல் எழுத்து நிலைக்காதென்பார்கள்.
இது எழுத்தின்மேல் நீர்.

இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டாள்.
இந்தியில் கேட்டாள்.
எனக்கு இந்தி தெரியும்.
தெரியாது என்று கன்னடத்தில் சொன்னேன்.

ஆபீஸில் எல்லோரும் போன பிறகு
லேயரை ஏற்றினேன்.
திருத்தம் ஏழு என்று சேமித்தேன்.
பிளாட்டரில் கறுப்பு மை தீரும் நேரம்:
மனைகள், சாலைகள், கம்பெனி பெயர்
எல்லாம் பனிமூட்டம்போல வந்தன.
நீலம் மட்டும் கெட்டியாக.

சுருட்டி, கவரில் போட்டு
அறுபத்துமூன்று என்று எழுதினேன்.
அனுப்புநர் என்ற இடத்தில்
இன்னும் பேனாவை ஊன்றியிருக்கிறேன்.
ஒரு புள்ளி
மெதுவாகப் பெரிதாகிக்கொண்டிருக்கிறது.