உள்தையல்

ஜைத்தூன் துணியை வெட்டுவதில்லை.
முதல் தடவை ஜாக்கெட்டைப் பிடிக்கக் கொடுத்தபோதே சொன்னாள்:
"ஒரு இஞ்ச் உள்ள மடிச்சு வைக்கிறேன்க்கா,
எதுக்கும் இருக்கட்டும்."
எனக்குக் கோபம் வந்தது.
எதற்கு இருக்கட்டும்?

அப்போது தொண்ணூற்று நாலிலிருந்து
எண்பத்தாறுக்கு வந்திருந்தேன்.
ஞாயிறு இரவு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும்
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி ஓர் ஊசி.
பிரிட்ஜில் அதன் இடம்
இட்லி மாவுக்கும் வெண்ணெய்க்கும் நடுவே.
புயல் வந்து கரண்ட் போன அன்று
மாவு பொங்கி வழிந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை,
ஐஸ் தேடி மகனைப் பெரவள்ளூர் வரை விரட்டினேன்.

முதல் மாதம் குமட்டல்.
லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து
எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு
இரண்டு ரயில்களை விட்டேன்.
அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

இளைத்ததைவிட ஆச்சரியம் வேறொன்று.
சத்தம் நின்றது.
காலை பத்தரைக்கே கேன்டீன் வடையைப் பற்றிப்
பேசத் தொடங்கிவிடுகிற ஒருத்தி,
நாற்பது வருஷமாக எனக்குள்
வாடகை தராமல் இருந்தவள்,
சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்து போயிருந்தாள்.
ஒரு கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை
இலையிலேயே வைத்து மூடினேன்.
வைராக்கியம் எல்லாம் இல்லை. ஞாபகமே வரவில்லை.
மற்றவர்கள் இப்படித்தான் வாழ்கிறார்களா,
இத்தனை அமைதியாகவா,
என்று திரும்பி வரும்போது 29சி-யில் அழுதேன்.

ஆபீஸில் கேட்டார்கள்.
வாக்கிங் என்றேன்.
அக்கவுன்ட்ஸ் தில்லைக்கரசி
அதை நம்பி ஷூ வாங்கினாள்.

பதினைந்தாம் மாதம்
மகனின் ஹாஸ்டல் கட்டணமும் ஊசியும்
ஒரே சம்பளத்தின் வாசலில் வந்து நின்றன.
டாக்டர் சங்கமித்திரைக்குப் பொய் சொல்லத் தெரியாது.
"போட்டுக்கிட்டு இருந்தா நிக்கும்.
நிறுத்தினா நிறைய பேருக்குத் திரும்பிடும்.
பி.பி. மாத்திரையை நிறுத்தினா பி.பி. வராதா?"
எத்தனை வருஷத்துக்கு என்றேன்.
மேஜைக் காலண்டரைப் பார்த்தார்.
அதில் பன்னிரண்டு மாதங்கள்தான் இருந்தன.

ஏழாவது வாரம், அயனாவரம் சிக்னலில்,
சமோசா எண்ணெய் வாசனையோடு
அவள் வந்துவிட்டாள்.
பூட்டை மாற்றாதது என் தப்பு.

எழுபத்தேழு எண்பதாகி
எண்பத்து மூன்றரையாகி.
"பாதியாயிட்டீங்களே" என்று உரக்கச் சொன்னவர்கள்
இப்போது மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.
தில்லைக்கரசி மட்டும், மெதுவாக:
"வாக்கிங் விட்டுட்டீங்களாக்கா?"

அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான்
ஐந்தரைக்கு எழுந்து மேம்பாலத்தடிப் பூங்காவைச் சுற்றுகிறேன்.
ஆறு சுற்று.
முழங்காலுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை,
எழுபத்தேழு என்றே நினைத்து மடங்குகிறது.
சர்க்கரை எல்லைக்குள்தான், போன மாதம்வரை.
இதில் ஊசியின் மிச்சம் எது, என்னுடையது எது,
எந்த லேப் ரிப்போர்ட்டிலும் பிரித்துப் போடவில்லை.

நேற்று அந்த மயில்நிற ஜாக்கெட்டோடு போனேன்.
ஜைத்தூன் ஒன்றும் கேட்கவில்லை.
பிளேடால் நூலை அறுத்து விரித்தாள்.
மடிப்புக்குள் இருந்த துணி மட்டும்
கடையில் வாங்கிய அன்றைய நிறத்தில்.
அதன்மேல் மூன்று வரிசை ஊசித் துளைகள்.
"தேய்ச்சா போயிடும்," என்றாள்.
"கடைசி வரைக்கும் பிரிக்கட்டா,
நடுவுல ஒண்ணு ஓட்டட்டா?"

நடுவில் ஓட்டு என்றேன்.
மிச்சத்தை வெட்டிவிடாதே என்றும் சொன்னேன்,
அவள் வெட்டமாட்டாள் என்று தெரிந்தே.

வீட்டில் ஒரு பேனா இருக்கிறது.
மார்ச்சில் காலாவதி.
இன்கிரிமென்ட் ஜூலையில்.
தீர்ந்துபோன ஒன்றின் அட்டைப்பெட்டியில்
கறிவேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன்.
பத்து நாளாக வாடவில்லை.