எண்ணிக்கை: ஒன்று

வெண்டலின் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார்.
வெளியே வியன்னாவில் மழை.
என் மேசைமேல்
டான்யூப் கரை வயலின் மண்.

பழசென்றால் விலை என்று நம்பித்தான் வருகிறார்கள்.
பழசுக்கு விலை என்றால்
ஆற்றுக் கூழாங்கல்லுக்கு நான் கடனாளி.

செப்புக்காசு நூற்றுப் பத்து.
இரண்டு வீரர்கள், நடுவே ஒரு கொடி,
படைக்குச் சம்பளம் போட
வண்டி வண்டியாய் அடித்தவை.
ஒன்றுக்கு ஒரு காப்பி தேறும்.
இவரோ பற்பசை போட்டுத் தேய்த்திருக்கிறார்.
பதினாறு நூற்றாண்டுப் பச்சை போய்
பல்லிளிக்கின்றன எல்லாம்.
இனி அரைக் காப்பி.

"இது அசிங்கமாய் இருந்தது, ஹெட்விக்.
தொடவே இல்லை"
என்று ஓரமாய்த் தள்ளினார் ஒன்றை.

லென்ஸை எடுத்தேன்.
கோணல் மூக்கு. முள்முள்ளாய்க் கிரீடம்.
அவசரத்தில் கீறிய எழுத்து, பாதி தப்பு.
தாடிக்குக் கீழே
இன்னொருவன் காது.

ஆறே மாதம் ஆண்டவன் இவன்.
வெள்ளி உருக்கப் பொழுதில்லை,
செத்தவன் காசின்மேலேயே
தன் முகத்தை வைத்து ஓங்கி அடித்தான்.
அடுத்து வந்தவன் இவனைத் தேடித் தேடி உருக்கினான்.
தப்பியது இந்த மூக்கு.

அதுவும் போதாது.
உலகில் இரண்டே உள்ள காசு
என் அலமாரியில் தூங்குகிறது,
எதோ சிற்றூர், எதோ கோயில்,
விரும்பிக் கேட்க ஓர் ஆளில்லை.
இவனுக்கோ ஆள் உண்டு.
ஜூரிக்கில் ஒருவர், மிலானில் ஒருவர்,
ஏலத்தில் ஒருவரையொருவர் பார்க்காமலே
வெறுத்துக்கொள்கிறவர்கள்.

"எத்தனை கிடைத்தன?"
"ஒன்றுதான்."
சொன்ன கையோடு
வலது கை கோட்டுப் பைக்குள் போனது.
சின்னதாய் ஒரு சத்தம்.
முப்பது வருஷக் காது எனக்கு;
யூரோ அப்படிச் சிணுங்காது.

எடுத்து வையுங்கள் என்றிருக்கலாம்.
வாய் வரை வந்தது.

என் முதுகுக்குப் பின்னால்
மூன்றாம் இழுப்பறையில்
பதினோரு வருஷமாய்ப் பஞ்சில் படுத்திருக்கிறான்
இதே கோணல் மூக்கன்,
கடையை அடமானம் வைத்து வாங்கியவன்.
எங்கோ ஒரு பானை உடைந்து
இவன் கூட்டமாய் வெளியே வந்தால்
காப்பிக் கணக்கில் சேர்ந்துவிடுவான்.

"ஒன்றுதானா? நல்லது" என்றேன்.
ரசீது எழுதினேன்:
வயலின் பெயர், தேதி,
எண்ணிக்கை ஒன்று.
கையெழுத்துப் போட்டார், இடது கையால்.

மழை விடவில்லை.
குடையை மறந்துவிட்டுப் போகிறார்,
பையை மட்டும் அழுத்திப் பிடித்தபடி.