ஏக்கருக்கு நூறு புழு

சித்திரை மழை ரெண்டு பெய்து ஓய்ந்த பிறகும்
குப்பனூர் சாலைக்கு மேலே
நாலு வயசுத் தேக்குக் காட்டில்
தூறிக்கொண்டே இருந்தது.
கையை நீட்டினேன். நனையவில்லை.
உள்ளங்கையில் கறுப்பாய்க் கடுகு கடுகாய்ப்
புழுக்களின் எச்சம்.
அண்ணாந்தால் இலை இல்லை.
நரம்புகளின் வலைக்குப் பின்னால் வெறும் வானம்.

மிக்ஸி என்னுடையது, ஐந்து ரோட்டில் வாங்கியது.
மூடியில் நகப்பூச்சால் ‘புழு’ என்று எழுதியிருக்கிறேன்,
விடுதியில் யாரும் சட்னி அரைத்துவிடக் கூடாதென்று.
போன வருஷம் செத்தவற்றைக்
குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைத்து
வேட்டித் துணியில் வடிகட்டி
வெல்லம் கரைத்து
வெயில் தின்றுவிடாதிருக்கச்
சொட்டுநீலம் நாலு மூடி.
இதற்கு அளவு லிட்டரில் இல்லை.
ஏக்கருக்கு நூறு புழு.

“இது நமக்கும் ஒட்டுமாம்மா?”
கேட்டவர் காவலர் சின்னாண்டி.
அந்த வருஷம் பெரியாஸ்பத்திரி வாசலில்
தம்பியைப் பைக்குள் வைத்துக் காட்டினார்கள் அவருக்கு,
முகத்தைத் திறக்காமல்.
ஒட்டாது, இதுக்கு ஒரே ஒரு விலாசம்தான் தெரியும் என்றேன்.
நம்பினாரா தெரியாது.
தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டார்.
சேர்வராயன் நிழல் அடிவாரத்தை மூடும்வரை காத்திருந்து
இருட்டோடு இருட்டாய்த் தெளித்தோம்.

மூன்றாம் நாள் அவை மேலே ஏறின.
தின்ன மறந்து
கிளை நுனி, அதன் நுனி, அதற்கும் நுனி.
எதைப் பார்க்க?
பின்னங்கால் பிடி மட்டும் விடாமல்
தலைகீழாய்த் தொங்கித்
தோல் கிழிந்து கூழாய்ச் சொட்டின,
கீழே இன்னும் தின்றுகொண்டிருந்தவற்றின் மேல்.
படித்ததுதான். பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு
எழுதியதும்தான்.
அன்று மதியம் டப்பாவைத் திறக்காமலே மூட்டையில் போட்டேன்.

கரிச்சான் ஒன்று
தொங்கியதில் ஒன்றைக் கொத்திக்கொண்டு
அடுத்த கூப்புக்குப் பறந்தது.
அங்கே அது எச்சமிடும்.
தினக்கூலி கேட்காது.

கேட்டவர்கள் நாலு பேர்.
“செத்த புழு பொறுக்க ஆள் கூலியா?
எந்தத் தலைப்புல வைக்கிறது மேடம்?”
சேலத்து எழுத்தர் பேனாவைக் கடித்தார், யோசித்தார்,
‘இதரம்’ என்று எழுதினார்.

ஏழாம் நாள் ராத்திரி சின்னாண்டி போன் செய்தார்.
“தூறல் நின்னுடுச்சும்மா.”
பிறகு, கொஞ்சம் தயங்கி,
“ஊர்ல சொல்றாங்க,
நீங்க அடிக்காட்டியும் தேக்கு துளுத்துத்தான் இருக்குமாம்.”

இருக்கும்.
பொறுக்கி வந்தவற்றை ஆறு புட்டியில் அடைத்துத்
தேதி எழுதி,
பால் பாக்கெட் வைக்காத அந்தக் குளிர்பெட்டியில்
அடுத்த சித்திரைக்கு வைத்தேன்.