பதினேழாம் போத்தல்

உப்புவெளி ஆய்வுகூடத்தில் எனக்கு
மேசை ஒன்று, மையவிலக்கி ஒன்று,
கரண்ட் போனால் முதலில் அணைகிற குளிர்ப்பெட்டி ஒன்று.
எட்டு மணிக்குள் முப்பது போத்தல் வந்துவிடும்.
மூடி திறக்காமலே சொல்வேன்
நேற்று யார் தண்ணீர் குடித்தது,
யார் குடிக்கவில்லை என்று.

இதைக் கற்றுத் தந்தது ஒரு டன்னார்ட்.
அடிலெய்டில், பதினான்கு மாதம்.
எலியா என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.
கங்காருவின் உறவு அது,
வயிற்றில் பை வைத்த இனம்,
பதினைந்து கிராம்,
கொழுப்பைச் சேர்த்து வைத்த வால் சின்னக் கரட் மாதிரி.
தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவோம்.
அது தேடாது.
தின்ற பூச்சியின் ஈரம் அதற்குப் போதும்.

மூளையின் அடியில், மிளகளவு இடத்திலிருந்து
வாசோபிரெசின் இறங்கும்.
சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவர்களில்
கதவு கதவாய்த் திறந்து,
வெளியேறப் பார்த்த தண்ணீரை
இரத்தத்துக்கே திருப்பி அழைக்கும்.
மிஞ்சி வருவது அரைத் துளி.
எண்ணெய்க்கு அடியில் பிடிக்க வேண்டும்,
இல்லாவிட்டால் காற்றுக் குடித்துவிடும்.
அந்த அரைத் துளிக்காக இரவிரவாய் முழித்திருந்தேன்.
அம்மா கோல் எடுத்து, என்ன செய்யிறாய் என்பா.
மூத்திரம் பிடிக்கிறன் என்பேன்.
வைத்துவிடுவா.

இன்று பதினேழாம் போத்தல்.
தவமலர், முப்பத்தாறு வயது, உப்பளம்.
தேயிலைச் சாயம்.
மானியில் கோடு மேலே ஏறி நிற்கிறது,
எனக்குத் தெரிந்த கோடு.
வாங்கில் இருந்தவளைக் கூப்பிட்டேன்.
தண்ணி குடிக்கிறேல்லையா?

"குடிச்சா எங்க போறது, மிஸ்?"

வெள்ளை வெளி. ஒரு பற்றை கிடையாது.
ஆம்பிளையள் லொறிக்குப் பின்னால போவினம்.
விடிய நாலரைக்கு ஒரு வாய் தேத்தண்ணி,
பிறகு பின்னேரம் வீட்டுப் படலை திறக்கும்வரை
நாக்கை நனைக்கிறதோட சரி.
"பழகீட்டுது."

பழகவில்லை, தவமலர்.
அந்தச் சின்னப் பிராணியைப் பழக்க
பாலைவனம் எத்தனை லட்சம் ஆண்டு எடுத்ததோ.
உனக்குக் கிடைத்தது பதினொரு வருசம்.
உன் மிளகும் அதே கட்டளையைத்தான் அனுப்புகிறது,
மிச்சம் பிடி, மிச்சம் பிடி என்று.
நீ பாத்தியில் நிற்கிறாய்,
வெயில் உன்னையும் வற்றவிட்டு வாருகிறது.
இரத்தத் தாளில் கிரியேட்டினின்
ஒன்று தசம் ஏழு.

அறிக்கையில் நிறம், அடர்த்தி, புரதம், சீனி
எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
கக்கூசுக்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
வேலைத்தலத்தில் கழிப்பறை கிடையாது.
றிஸ்மியா டொக்டர் வாசித்து
அதன்மேல் பேனையால் எழுதினா.
யாருக்கு அனுப்புவது என்று
இருவருக்கும் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம்.
என் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.
வாங்கவில்லை. எனக்குப் பின்னால்
நடையைப் பார்த்தாள்.
"இங்க இருக்கா?"
இருக்கு. இடப்பக்கம், ரெண்டாம் கதவு,
உள்பூட்டு வேலை செய்யும்.

அதற்குப் பிறகுதான்
மூடியைத் திருகினாள்.
முழுவதையும் குடித்தாள்.