மூன்று நூல்

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது.
கியர்பாக்ஸ்தான் வரமாட்டேன் என்கிறது.
இரண்டுக்கும் நடுவே மூன்று நூல் இடைவெளி.
சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறேன்,
நுழைகிறது. அங்கே குளிராக இருக்கிறது.

கட்டபெட்டில் இரவு ஒன்பதரை.
பட்டறைத் தகரத்தின் மேல் மழை,
உள்ளேயும் மழைதான், கொஞ்சம் குறைவு.
பழைய எஞ்சின், உரமூட்டை பன்னிரண்டோடு
குஞ்சப்பனை வளைவில் ஏறும்போது
கனெக்டிங் ராடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வர,
செத்துப்போனது.
இது புதுசு. உக்கடத்தில் வாங்கியது.
புதுசு என்றால் இன்னொருவன் விற்ற பழசு.

ஜீப்புக்குச் சொந்தக்காரி மாதி
டார்ச் பிடித்து நிற்கிறாள்.
விடியும் முன் அவள் கேரட்
மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்க வேண்டும்.
இதை ஒருமுறைதான் சொன்னாள்.
அப்புறம் டார்ச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகப்பட்டேன்.
அது நடுவில் இல்லையென்றால் ஷாஃப்ட் நுழையாது.
கழற்றி, தேயிலைக் கட்டையில் நான் சீவி வைத்திருக்கும்
பொய் ஷாஃப்டைச் செருகி, நடு பார்த்து,
மறுபடி முறுக்கினேன்.
மூன்று நூல்.
பல்லோடு பல் முட்டுகிறதோ என்று
டாப் கியரில் போட்டு, பின்னாலிருந்து செபஸ்தி
துளித்துளியாகச் சுற்ற, நான் தள்ள,
மூன்று நூல்.
ஜாக்கியை ஏற்றி, இறக்கி,
எஞ்சின் முகத்தைச் சாய்த்து, நிமிர்த்தி,
மாதி இருப்பதால் ஒரு கெட்ட வார்த்தையைப்
பாதியில் விழுங்கி,
மூன்று நூல்.

"நீளமான போல்ட் நாலு போட்டு இழுத்துடலாம்ணே."
இழுக்கலாம் செபஸ்தி.
கூடலூரில் ஒரு தடவை இழுத்தேன்.
வந்தது. வந்து, பெல் ஹவுசிங்கின் காது உடைந்தது.
அந்தக் காதுக்கு ஒன்பது மாதம் தவணை கட்டினேன்.

நாலாவது முறை கழற்றினோம்.
யாரும் பேசவில்லை.
மாதிதான் குனிந்து, ஷாஃப்டின் மூக்கில் டார்ச் அடித்து,
"இது என்ன, மஞ்சளா?" என்றாள்.
எஃகு நுனியில்
நகம் வெட்டிப் போட்டாற்போல் ஒரு பித்தளைப் பிறை.

அப்போதுதான் ஃபிளைவீலின் நடுக்குழியில்
வெர்னியரை வைத்தேன்.
சாயங்காலமே வைத்திருக்க வேண்டியது.
வேறு கியர்பாக்ஸுக்குக் கடைந்த புஷ்.
வெளிச்சுற்று அதேதான், உள்வாய் அரை மில்லி சிறுசு.
மூக்கு வந்து வந்து முட்டி
ஒவ்வொரு தடவையும் நியாயமாகவே திரும்பியிருக்கிறது.
நான்தான் ஜாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கிரீஸ் திணித்து அடித்தால் புஷ் வெளியே வரும்.
கிரீஸ் டப்பா காலி.
டீக்கு வாங்கிய வர்க்கி இருந்தது.
நனைத்துப் பிசைந்து குழி நிறையத் திணித்து,
துளைக்குச் சரியான கம்பியை வைத்து அடித்தேன்.
போக வேறு வழியில்லாத மாவு
புஷ்ஷுக்குப் பின்னால் போய் நின்று தள்ளியது.
ஏழாவது அடியில் பித்தளை எட்டிப் பார்த்தது.
செத்த எஞ்சினிடமிருந்தும் அப்படியே ஒன்றை வாங்கி
இதில் இறக்கினோம், மரச்சுத்தியால், மெதுவாக.

மூக்கு நுழைந்ததற்குச் சத்தம்கூட இல்லை.
டவல் பின் இரண்டும் ஏறியபோதுதான் ஒரு 'ளொக்',
பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் போட்டது போல.
போல்ட்டுகள் கடைசிச் சுற்றுவரை
விரலுக்கே வந்தன.

இரண்டேமுக்காலுக்கு ஸ்டார்ட் ஆனது.
மூன்றாவது கியரில் நாற்பதைத் தாண்டினால்
கியர் ராடில் ஒரு நடுக்கம் இருக்கிறது.
பின் மவுண்டுக்கடியில் வாஷர் ஒன்று வைத்தால் போகலாம்,
போகாமலும் இருக்கலாம்.
ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வைப் பகலில்தான் பார்க்க வேண்டும்.
"கோத்தகிரி ரோட்டில் நாற்பது எங்கே இருக்கிறது?" என்றாள் மாதி.

பில்லில் ஒரே ஒரு வரியை அடித்தாள்:
வர்க்கி, கால் கிலோ.
அதை வாங்கி வந்தது அவள்தான்.

பனிக்குள் ஜீப் இறங்கிப் போகிறது.
பின்விளக்கில் ஒன்றுதான் எரிகிறது.
இன்னொன்றைப் பற்றி
என்னிடம் யாரும் சொல்லவில்லை.