இணைப்பு: இரண்டு

வேலந்தாவளத்திலிருந்து சித்தூர் வரும்வரை
ஃபைலை மடியில் வைத்து
அதன்மேல் டிபன்பாக்ஸை வைத்திருந்தார் ஹெப்சிபா டீச்சர்.
மழை வரும்போலிருந்தது. வரவில்லை.

மனுவை மலையாளத்தில் எழுதியவர் சாதிக் மாஷ்.
எங்களில் அவருக்குத்தான்
பஹுமானப்பெட்ட என்று தொடங்கத் தெரியும்.
பின்னால் இரண்டு இணைப்புகள்.
ஒன்று, ப்ரொஜெக்டர் வந்த தேதியும் போர்த்தி வைத்த தேதியும்.
இரண்டு, நாற்பத்தொரு பிள்ளைகளின் பெயர்.
அது மட்டும் தமிழில்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.
எங்கள் வகுப்புக் கம்ப்யூட்டருக்கு
மலையாளம் தெரியும், இங்கிலீஷ் தெரியும்,
தமிழைத் திறந்தால் கட்டம் கட்டமாய் முழிக்கும்.
ஒளிச்சேர்க்கை
ஏழெழுத்து, பதின்மூன்று கட்டம்.
புள்ளிக்குத் தனி, கொம்புக்குத் தனி.

'டீச்சர், இதுல பாண்டி ஆடலாமா?'
மூன்றாம் பெஞ்சிலிருந்து நாகஜோதி.
வகுப்பு சிரித்தது. நானும்.
அப்புறம்தான் உறைத்தது,
செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
அந்தச் சொல்லால் எங்களைக் கூப்பிடுகிறவர்கள் இருப்பது.
சாக்பீஸைத் தேடினேன்.

அவள் சித்தப்பா மகன் அந்தப் பக்கம் படிக்கிறான்.
அவனுக்கு லேப்டாப் கொடுத்தார்கள், தமிழ் தெரிந்தது.
ஞாயிற்றுக்கிழமை பாடம் பார்க்க
இருபது நிமிடம் நடக்கிறாள்.
போகும்போது ஒரு மாநிலம், வரும்போது ஒரு மாநிலம்
அவளை மெசேஜில் வரவேற்கிறது.

பதினொன்றுக்கு என்றார்கள், எம்.எல்.ஏ. வர ஒன்றரை.
எங்களுக்கு முன்னால் வாய்க்கால் தண்ணீர்க்காரர்கள்,
பின்னால் கள்ளுக்கடைக்காரர்கள்.
'குட்டிகள் எத்ர?'
'நாற்பத்தொன்று.'
'மொத்தமோ?'
'மொத்தமும்.'

கெட்ட மனிதர் இல்லை. டீ சொன்னார்.
சபையில் கேட்கிறேன் என்றார்,
டைப் செய்த பிரதி ஒன்று வேண்டுமென்றார்.
ஹெப்சிபா டீச்சரின் பென்டிரைவை
பி.ஏ. அங்கேயே செருகினார்.
பிரிண்டர் இருமித் துப்பியது:
மனு சுத்தமாக வந்தது. அதன் கீழே
நாற்பத்தொரு வரிசை கட்டங்கள்.

கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.
'இதெந்தா?'
சாதிக் மாஷ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்,
ஹெப்சிபா டீச்சர் டிபன்பாக்ஸால் அவர் முழங்கையை இடித்தார்.
'இதுதான் சார்' என்றேன்.
தமிழில்தான் வந்தது.

பதினேழாம் வரிசையில் விரல் வைத்து
'இது ஆரு?' என்றார்.
எண்ணினேன். ஏழு கட்டம்.
'நாகஜோதியாக இருக்கலாம் சார்.
பிரவீணாவாகவும் இருக்கலாம்.'

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டார்,
கட்டங்களின் மேலேயே,
இரண்டு மூன்று பிள்ளைகள் அடியில் போனார்கள்.

நல்லேப்பிள்ளி தாண்டும்போது சாதிக் மாஷ் கேட்டார்:
'சபையில அத எப்படி வாசிப்பார்?'
எனக்கும் தெரியவில்லை.
ஹெப்சிபா டீச்சர் டிபன்பாக்ஸைத் திறந்தார்.
ஆறிப்போன எலுமிச்சை சாதம்,
மூன்று பேருக்கு இரண்டு ஸ்பூன்.